டிஜிட்டல் எக்ஸ்-ரே வந்ததால் கதிர்வீச்சு குறைந்துவிட்டதா?

வாசகர் கேள்வி, ஜனவரி 8

ஃபிலிம் எக்ஸ்-ரே போய் டிஜிட்டல் வந்துவிட்டது. நோயாளிக்கு இதில் கிடைத்த பெரிய லாபம் கதிர்வீச்சு குறைந்ததுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கம்ப்யூட்டரில் படம் வருவதால் கொஞ்சம் கதிர் போதும், மங்கலாக வந்தாலும் தெளிவாக்கிக்கொள்ளலாம் என்பது காரணமாம். இது சரிதானே?

ஜனவரி 9

தானாகக் குறையாது. குறைக்க வழி இருக்கிறது, அவ்வளவுதான். பல இடங்களில் டிஜிட்டல் வந்த பிறகு டோஸ், அதாவது நோயாளி வாங்கும் கதிரின் அளவு, கூடியது.

ஃபிலிமின் குணத்தைப் பாருங்கள். கதிர் அதிகம் போனால் கறுத்துவிடும், குறைவாகப் போனால் வெளுத்துவிடும். இரண்டுமே டாக்டரிடம் போவதற்கு முன்பே டெக்னீஷியன் கண்ணில் பட்டுவிடும். எக்ஸ்போஷருக்கும் (ஃபிலிம் மேல் விழும் ஒளி அல்லது கதிரின் அளவு) ஃபிலிமின் கறுமைக்கும் உள்ள உறவை, புகைப்பட ஆய்வாளர்களான ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் 1890-லேயே கோடாக வரைந்து காட்டினார்கள். எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டதே 1895-இல்தான். அந்த வளைகோட்டின் நடுப்பகுதியில் விழுந்தால்தான் படம் படமாக இருக்கும். மேலே போனாலும் கீழே போனாலும் ஒன்றும் தெரியாது. ஃபிலிம் தாங்கும் வரம்பு சில பத்து மடங்குக்குள் முடிந்துவிடும்.

டிஜிட்டலில் ஃபிலிமுக்குப் பதில் வைக்கும் சிஆர் (கம்ப்யூட்டட் ரேடியோகிராஃபி) தட்டு அப்படியில்லை. ஏறத்தாழ 10,000 மடங்கு வரம்புக்கு நேர்கோட்டில் பதில் சொல்லும். தேவைக்கு மேல் மூன்று மடங்கு கதிர் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் அந்த மதிப்புகளைச் சமன்செய்து பார்க்க நன்றாக இருக்கிற படமாகவே கொடுக்கும். இன்னும் சொன்னால், அதிகக் கதிர் வாங்கிய படம்தான் அழகாக இருக்கும், இரைச்சல், அதாவது மணல் தூவியது போன்ற புள்ளிகள், குறைவு என்பதால்.

மங்கலாக வந்தால் தெளிவாக்கலாம் என்பதில் பாதிதான் உண்மை. கறுமை வெளுமையைத் திருத்தலாம். கதிர் போதாமல் வந்த இரைச்சலைத் திருத்த முடியாது. சாஃப்ட்வேர் அதை வழவழப்பாக்கினால் நுண்ணிய கோடுகளும் சேர்ந்தே போய்விடும். மெல்லிய எலும்பு விரிசல் அந்த மாதிரிக் கோடுகளில்தான் இருக்கும்.

ஜனவரி 9, இரவு

இன்னொன்று. இரைச்சலான படம் போனால் ரேடியாலஜிஸ்ட் கூப்பிட்டுக் கேட்பார். டோஸ் அதிகமான படத்துக்கு யாரும் கேட்க மாட்டார்கள். நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் "படம் ரொம்ப நன்றாக இருக்கிறது, கதிரைக் குறை" என்று ஒரு போன் வந்ததில்லை. டெக்னீஷியன் எந்தப் பக்கம் சாய்வார்? யாரும் உட்கார்ந்து முடிவெடுக்காமலே, வருடக்கணக்கில், எம்ஏஎஸ் (ட்யூபில் ஓடும் மின்னோட்டத்தையும் நேரத்தையும் பெருக்கிய அளவு; அது ஏறினால் கதிரும் ஏறும்) கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். டோஸ் கிரீப் என்று துறையில் சொல்வது இதைத்தான்.

ஜனவரி 11

இருட்டறைப் பக்கமே போகாதவர்கள் அங்கே என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். விரிவாகவே சொல்கிறேன்.

கேசட்டை, அதாவது ஒளி புகாத ஃபிலிம் பெட்டியை, திறந்தால் இரண்டு பக்கமும் வெள்ளைத் திரை ஒட்டியிருக்கும். நடுவில் இரு முகமும் எமல்ஷன் பூசிய ஃபிலிம். எக்ஸ்-ரே நேரடியாக ஃபிலிமைக் கறுக்கவைப்பது மிகக் கொஞ்சம். திரை கதிரை வாங்கி ஒளிரும், அந்த ஒளிதான் படத்தின் பெரும்பகுதியை எழுதும். 1896-லேயே எடிசன் கால்சியம் டங்ஸ்டேட் ஒளிர்வதைக் கண்டுபிடித்தார். பல பத்தாண்டுகள் அதுதான் ஓடியது. 1970-களில் கடோலினியம் ஆக்சிசல்ஃபைடு போன்ற அருமண் திரைகள் வந்ததும் பாதிக் கதிரிலேயே அதே படம் கிடைத்தது. டோஸ் பெரிய அளவில் இறங்கியது ஃபிலிம் காலத்தில்தான். கேள்வி கேட்டவர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சரி, இருட்டறை. சுவரில் இரட்டைக் கதவுள்ள பெட்டி ஒன்று இருக்கும். வெளியிலிருந்து கேசட்டை உள்ளே வைத்தால் உள்ளிருப்பவர் அந்தப் பக்கக் கதவைத் திறந்து எடுத்துக்கொள்வார். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்காது. உள்ளே சிவப்பு விளக்கு. கேசட்டைக் கவிழ்த்து, ஃபிலிமை விரல் நுனியால் ஓரத்தில் மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். மடங்கினால் பிறை போல ஒரு கறுப்புத் தழும்பு விழும். வறண்ட காற்றில் வேகமாக உருவினால் நிலைமின்சாரம் மரக்கிளை மாதிரி படத்தில் பதியும். நோயாளி பெயரை ஃபிளாஷரில் பதித்து, ஹேங்கரில் நான்கு மூலையும் மாட்டி, டெவலப்பர் தொட்டியில் இறக்க வேண்டும். 20 டிகிரியில் 5 நிமிடம். கரைசல் சூடாக இருந்தால் நேரத்தைக் குறைக்க வேண்டும், அதற்கு ஒரு அட்டவணை சுவரில் இருக்கும். அப்புறம் அலசி, ஃபிக்சரில் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவிக் காயப்போடுவது. அவசர கேஸ் என்றால் ஹேங்கரோடு சொட்டச் சொட்ட வியூ பாக்ஸுக்கு ஓடுவோம். அறுவை சிகிச்சை அரங்கிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

ஃபிலிமைத் தானே டெவலப் செய்து காயவைக்கும் ரோலர் ப்ராசசரைக் கோடாக் 1956-இல் கொண்டுவந்தது. 6 நிமிடத்தில் காய்ந்த படம் வெளியே வரும். 1965-இல் அது 90 விநாடி ஆனது. ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் சின்ன இடங்களில் தொட்டிதான்.

ஃபிக்சரின் புளித்த வாசனை சட்டையை விட்டுப் போகவே போகாது. நகம் பழுப்பாகும். இதில் எனக்குப் பழைய நினைவு இனிக்கிற பக்கம் ஒன்றும் இல்லை. டெவலப்பரில் ஹைட்ரோகுயினோன், ப்ராசசர் கரைசலில் குளூட்டரால்டிஹைடு. காற்றோட்டம் இல்லாத அறைக்குள் அந்த ஆவியிலேயே நின்று வேலை செய்தவர்களில் பலருக்கு இருமலும் தலைவலியும் கண் எரிச்சலும் தீரவில்லை. என்னோடு வேலை பார்த்த ஒருவர் மூச்சிரைப்பால் இருட்டறை வேலையையே விட வேண்டியதாயிற்று. டிஜிட்டலால் உடனடியாக விடிவு கிடைத்தது நோயாளிக்கு முன்னால் எங்களுக்குத்தான்.

ஜனவரி 14

டிஜிட்டல் என்று ஒரே சொல்லில் சொல்வதால் குழப்பம் வருகிறது. சிஆர் வேறு, டிஆர் வேறு.

சிஆரில் கேசட் அப்படியே இருக்கும். உள்ளே ஃபிலிமுக்குப் பதில் பேரியம் ஃபுளூரோபுரோமைடு பூசிய தட்டு, கொஞ்சம் யூரோப்பியம் கலந்தது. கதிர் பட்டால் ஆற்றலில் ஒரு பகுதியைத் தட்டு பிடித்து வைத்துக்கொள்ளும். தட்டைப் படிக்கும் மெஷினான ரீடருக்குள் சிவப்பு லேசர் வரி வரியாக ஓடும்போது அதை நீல ஒளியாக விட்டுவிடும். அந்த ஒளியை அளந்து எண்ணாக்கினால் படம். பிறகு பலமான விளக்கில் தட்டை அழித்துவிட்டு அடுத்தவருக்குப் பயன்படுத்தலாம். ஃபுஜி இதை 1981-இல் அறிவித்து 1983-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

ஆஸ்பத்திரிகள் இதை விரும்பியதற்கு ஒரே காரணம், பழைய எக்ஸ்-ரே மெஷினை மாற்ற வேண்டாம். ட்யூப், டேபிள், கேசட்டைச் செருகும் பக்கி எல்லாம் அதே. இருட்டறையை மூடிவிட்டு ரீடரை வைத்தால் போதும். சிக்கலும் அங்கேதான் ஆரம்பித்தது. மெஷின் மாறாததால் சுவரில் ஒட்டியிருந்த எக்ஸ்போஷர் சார்ட்டும் மாறவில்லை. ஆனால் 400 வேகத் திரை-ஃபிலிமுக்கு (வேக எண் கூடினால் தேவைப்படும் கதிர் குறையும்) ஏறத்தாழ 2.5 மைக்ரோகிரே கதிர் போதும். சிஆர் தட்டில் அதே அளவு சுத்தமான படம் வேண்டுமானால் இன்னும் அதிகம் தேவை. பல துறைகள் அதை 200 வேகத்துக்குச் சமமாக வைத்துத்தான் ஓட்டின. அதாவது இரு மடங்கு. டிஜிட்டல் ஆனதும் டோஸ் குறைந்தது என்று அறிவிப்புப் பலகை வைத்த காலத்தில் உள்ளே நடந்தது இதுதான்.

ஆட்டோ எக்ஸ்போஷர் (போதிய கதிர் வந்ததும் சேம்பர் என்ற உணரி தானாகவே நிறுத்திவிடும் வசதி) வைத்திருந்த இடங்களும் தப்பவில்லை. அந்தச் சேம்பரை கடோலினியம் திரைக்கு ஏற்றபடி அளவுசெய்திருப்பார்கள். பேரியம் தட்டு வெவ்வேறு கேவியில் (ட்யூபுக்குக் கொடுக்கும் மின்னழுத்தம்) வேறு விதமாகக் கதிரை உறிஞ்சும். சேம்பரைப் புதிதாக அளவுசெய்யாமல் விட்டால் மார்புப் படம் ஒரு மாதிரி, இடுப்புப் படம் இன்னொரு மாதிரி வரும்.

ஜனவரி 15

டிஆர் பற்றி. 1990-களின் நடுவிலிருந்து வந்த ஃபிளாட் பேனல்; ரீடர் இல்லாமல் நேராகவே கம்ப்யூட்டருக்குப் படம் அனுப்பும். இரண்டு வகை. ஒன்றில் சீசியம் அயோடைடு ஊசி ஊசியாக வளர்ந்திருக்கும். கதிரை ஒளியாக்கி அடியிலுள்ள அமார்ஃபஸ் சிலிக்கானுக்கு அனுப்பும். ஊசி வடிவம் என்பதால் ஒளி பக்கவாட்டில் சிதறாது. இன்னொன்றில் அமார்ஃபஸ் செலினியம்; ஒளியாக்காமல் நேராக மின்னூட்டமாக்கிவிடும்.

டோஸ் உண்மையிலேயே குறைய வாய்ப்புள்ள இடம் சீசியம் அயோடைடு பேனல். வந்து விழும் கதிரில் எவ்வளவு பங்கைப் பயனுள்ள படமாக்குகிறது என்று ஒரு கணக்கு உண்டு, டிகியூஇ என்பார்கள். பெரிய உருவங்களைப் பொறுத்தவரை இந்தப் பேனலுக்கு அது 60 சதவீதத்துக்கு மேல். சிஆர் தட்டுக்கு 20 முதல் 30. எனவே "டிஜிட்டலில் டோஸ் குறைவு" என்று யாராவது சொன்னால் எந்த டிஜிட்டல் என்று கேளுங்கள்.

ஜனவரி 16

சின்னக் குறிப்பு, சிஆர் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு. தட்டு சும்மா இருந்தாலும் சுற்றுப்புறக் கதிரையும் அறையில் சிதறும் கதிரையும் வாங்கிக்கொண்டே இருக்கும். விடுமுறை முடிந்து வந்ததும் எல்லாத் தட்டையும் ஒருமுறை அழித்துவிட்டு ஆரம்பியுங்கள். எக்ஸ்-ரே அறைக்குள் சுவரோரம் கேசட் சாய்த்து வைக்கும் பழக்கம் ஃபிலிமுக்கும் கெடுதல்தான், சிஆருக்கு இன்னும் கெடுதல்.

ஜனவரி 20

"அப்படியானால் டோஸ் கூடியது எப்படித்தான் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார்கள். இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே முக்கியமானது.

ஒரு எண் மூலம் தெரியும். படத்தோடு கூடவே திரையின் ஓரத்தில் எக்ஸ்போஷர் இன்டெக்ஸ் என்று ஒரு எண் வரும். ஃபிலிமின் கறுமை சொன்னதை இப்போது அந்த எண்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஆரம்பத்தில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மொழி பேசின. ஃபுஜியில் எஸ் எண்: கதிர் இரட்டித்தால் எண் பாதியாகும். கோடாக்கில் கதிர் இரட்டித்தால் எண் 300 கூடும். அக்ஃபாவில் 0.3 கூடும். ஓர் அறையில் எண் ஏறினால் டோஸ் கூடுதல், அடுத்த அறையில் எண் இறங்கினால் டோஸ் கூடுதல். பகல் ஷிஃப்டில் ஒரு அறை, இரவில் மற்ற அறை என்று மாறி மாறி வேலை செய்கிற ஆள் என்ன செய்வார்? அந்த எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். பெரும்பாலும் நடந்தது அதுதான். நான் சேர்ந்த ஒரு துறையில் எண் தெரிகிற மூலையையே யாரோ திரையிலிருந்து மறைத்து வைத்திருந்தார்கள், இடம் அடைக்கிறது என்று.

2008-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 62494-1 என்ற தரநிலை வந்தது. அதன்பிறகு கதிர் இரட்டித்தால் எண்ணும் இரட்டிக்கும், எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும். கூடவே டீவியேஷன் இன்டெக்ஸ் என்று இன்னொன்று. ஒவ்வொரு வகைப் படத்துக்கும் துறையே ஓர் இலக்கு வைக்க வேண்டும். இலக்கைத் தொட்டால் 0. கதிர் இரு மடங்கானால் சுமார் +3. பாதியானால் -3. ஒரு படி என்பது ஏறத்தாழ 26 சதவீதம். புதிதாக வந்த மாணவருக்குக்கூட உடனே புரியும்.

ஜனவரி 21

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு அந்த எண்ணையே நோயாளியின் டோஸ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பேனலுக்கு வந்து சேர்ந்த கதிர். பருமனான ஒருவரும் ஒல்லியான ஒருவரும் ஒரே எண் வாங்கலாம். முதலாமவர் உடல் வாங்கியது பல மடங்கு. நோயாளி பக்கம் அறிய மெஷின் தருகிற டிஏபி அளவை (டோஸையும் கதிர் பட்ட பரப்பையும் பெருக்கியது) பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று. கம்ப்யூட்டர் படத்தின் எந்தப் பகுதி உடல், எது வெற்றிடம் என்று தானே பிரித்துத்தான் எண்ணைக் கணக்கிடுகிறது. இடுப்பில் பெரிய உலோக மூட்டு இருந்தாலோ, கோலிமேஷன் (கதிர் விழும் பரப்பைச் சுருக்குவது) ஓரம் சரியாகப் பிடிபடாவிட்டாலோ எண் தப்பாக வரும். அந்த மாதிரிப் படத்தில் எண்ணை நம்பி ரிப்பீட் எடுக்காதீர்கள்.

ஜனவரி 22

ஃபிலிம் காட்டிக்கொடுத்துவிடும் என்று முதலில் எழுதியதற்கு ஒரு வரம்பு சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஃபிலிமைப் புனிதமாக்கியது போல ஆகிவிடும்.

தொட்டி காலத்தில் ஒரு கெட்ட வழக்கம் உண்டு. கதிரைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, டெவலப்பரில் இறக்கிய ஃபிலிமை நடு நடுவே தூக்கி சிவப்பு விளக்கில் பார்ப்பது, போதுமான அளவு கறுத்ததும் 5 நிமிடம் ஆகாமலே வெளியே எடுத்துவிடுவது. படம் பார்க்கச் சுமாராக இருக்கும், கான்ட்ராஸ்ட் தட்டையாக இருக்கும், நோயாளி வாங்கியது இரட்டைக் கதிர். டாக்டருக்கு எதுவும் தெரியாது. கை பழகிய சீனியர்கள் இதைத் திறமை என்றே சொல்லிக்கொடுத்தார்கள். ரோலர் ப்ராசசர் வந்த பிறகுதான் இது ஒழிந்தது, ஏனென்றால் மெஷின் நேரத்தையும் சூட்டையும் விட்டுக்கொடுக்காது. ஆக, ஃபிலிம் உண்மையிலேயே கண்டிப்பாக இருந்தது ஆட்டோ ப்ராசசர் வந்ததற்கும் சிஆர் வந்ததற்கும் இடையிலான காலத்தில். அந்தக் காலத்தில் பயிற்சி பெற்றவர்கள் கையில் எக்ஸ்போஷர் இன்றைக்கும் சுத்தமாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

ஜனவரி 28

கோலிமேஷன் பற்றி எழுதாமல் விட்டால் மனசு கேட்காது.

ஃபிலிமில் கோலிமேட்டரைத் திறந்து விட்டால் அது படத்தில் தெரிந்துவிடும். சுற்றிலும் கறுப்பு, தேவையில்லாத உடல் பகுதி, சிதறல் கதிரால் மங்கல். டிஜிட்டலில் பெரிதாகத் திறந்து எடுத்துவிட்டு, பிறகு திரையில் கறுப்பு எல்லையை இழுத்து மூடிவிடலாம். டாக்டரிடம் போகிற படம் கச்சிதமாக இருக்கும். குழந்தையின் மணிக்கட்டு எடுக்கும்போது முழங்கை வரை கதிர் போயிருக்கும், யாருக்கும் தெரியாது. இது எனக்கு இன்றும் கோபம் வருகிற விஷயம். பழைய படங்களை மறைப்பு நீக்கிப் பார்க்க வாய்ப்பிருந்தால் பாருங்கள். குழந்தைகள் படத்தில் தொடங்குங்கள்.

அதே போல இடது-வலது அடையாளம். ஈய எழுத்தைக் கேசட்டில் ஒட்டி எடுத்தால் அது கதிரோடு சேர்ந்து பதியும், பிறகு மாற்ற முடியாது. இப்போது படம் எடுத்து முடித்து, கம்ப்யூட்டரில் ஓர் எழுத்தைத் தட்டிச் சேர்த்துவிடுகிறார்கள். படம் இடவலம் திரும்பியிருந்தால் தப்பான பக்கத்தில் எழுத்து போய் உட்காரும். ஈய எழுத்து ஒன்றும் பழைய பஞ்சாங்கம் இல்லை. சட்டைப் பையில் வைத்திருங்கள்.

பிப்ரவரி 3

குப்பைக் கூடை. இருட்டறையில் கெட்ட ஃபிலிம் போட ஒரு பெட்டி இருக்கும். மாதக் கடைசியில் அதைக் கொட்டி, ஏன் கெட்டது என்று பிரித்து எண்ணுவோம்: கறுத்தது, வெளுத்தது, அசைந்தது, நிலை தப்பியது, ப்ராசசர் கோளாறு. ஃபிலிமுக்குக் காசு, அதனால் நிர்வாகமே எண்ணச் சொல்லும். கெட்ட ஃபிலிமிலும் ஃபிக்சரிலும் வெள்ளி இருப்பதால் அதை வாங்கிப் போக ஆள் வருவார், எனவே எதுவும் காணாமல் போகாது. அந்த எண்ணிக்கையில் நோயாளிக்குத்தான் பெரிய நன்மை, யாரும் அதற்காகத் தொடங்காவிட்டாலும்.

டிஜிட்டலில் ரிப்பீட் எடுக்கக் காசு ஆகாது. ஒரு பட்டனை அழுத்தினால் பழைய படம் போய்விடும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சில வருடங்கள் நிராகரித்த படங்களின் கணக்கே எங்கும் பதியவில்லை. கேட்டால், ரிப்பீட் கிட்டத்தட்ட இல்லை என்றார்கள். பிறகு சாஃப்ட்வேரில் அந்தப் பதிவைத் திறந்து வைத்ததும் உண்மை தெரிந்தது. கறுத்தது, வெளுத்தது இரண்டும் காணாமல் போயிருந்தன. நிலை தப்பியது மட்டும் முன்பைவிட அதிகம். முழங்கால் பக்கவாட்டுப் படம்தான் முதலிடம். படம் சில விநாடிகளில் வந்துவிடுவதால், எடுப்பதற்கு முன் இன்னொரு முறை சரிபார்க்கும் பொறுமை போய்விடுகிறது. கொஞ்சம் திருப்பி இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று கை போகும்.

நிராகரிக்கும்போது காரணம் தேர்ந்தெடுத்தால்தான் படம் அழியும் என்று மென்பொருளில் அமைப்பு வைக்க முடியும். வையுங்கள். "மற்றவை" என்ற தேர்வை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் அதில்தான் போய் விழும்.

பிப்ரவரி 5

"ஃபிலிம்தான் கூர்மை, டிஜிட்டல் அந்த அளவுக்கு வராது" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். கூர்மையில் அவர் சொல்வது சரி. நுணுக்கத் திரை-ஃபிலிம் ஒரு மில்லிமீட்டரில் 10 கோட்டு ஜோடிகள் (ஒரு கறுப்புக் கோடும் ஒரு வெள்ளைக் கோடும் ஒரு ஜோடி) வரை பிரித்துக் காட்டும். 0.14 மி.மீ. புள்ளியுள்ள பேனல் 3.5-க்கு மேல் போகாது. கை விரல் நுனியில் எலும்பு அரிப்பு பார்க்கிறவர்கள் ஆரம்பத்தில் முணுமுணுத்தது நியாயம்.

ஆனால் நோயை அடையாளம் காணக் கூர்மை மட்டும் போதாது. இதற்கு நல்ல சோதனை மார்பகப் படம். அங்கே ஃபிலிமின் கூர்மை இன்னும் அதிகம், அதனால்தான் டிஜிட்டல் கடைசியாக நுழைந்தது. அமெரிக்காவில் முதல் அனுமதி 2000-இல். 2005-இல் டிமிஸ்ட் ஆய்வு வெளிவந்தது. 49,528 பெண்கள் சேர்ந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஃபிலிமிலும் டிஜிட்டலிலும் படம். மொத்தத்தில் இரண்டும் சமம். ஐம்பது வயதுக்குட்பட்டவர்களிலும் அடர்த்தியான மார்பகம் உள்ளவர்களிலும் டிஜிட்டல் மேல். கோட்டு ஜோடியில் தோற்ற தொழில்நுட்பம் அங்கே ஜெயித்தது கான்ட்ராஸ்டினால். அடர்ந்த திசு ஃபிலிம் வளைகோட்டின் அடியில், வெளுத்த பகுதியில் போய் விழும், அங்கே எவ்வளவு கூர்மை இருந்தாலும் பயனில்லை.

பிப்ரவரி 12

கதிரைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தால் போதாது. ஃபிலிம் காலத்தின் பெரிய துயரம் காணாமல் போகிற படங்கள்.

ஒரு படத்துக்கு ஒரே பிரதி. அது வார்டில் இருந்தால் அறுவை அரங்கில் இல்லை. ஓ.பி.யில் இருந்தால் ரிப்போர்ட் எழுதுகிற இடத்தில் இல்லை. சுவாரசியமான கேஸ் என்றால் யாராவது வகுப்புக்கு எடுத்துப் போயிருப்பார், அது திரும்பாது. பழைய படத்தோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயத்துக்கு, பழையது கிடைக்காததால் புதிய படம், சில சமயம் சிடி ஸ்கேன். அந்தக் கதிரை யாரும் கணக்கில் எழுதவில்லை. படச் சேமிப்பு அறையில் உறைகளைப் புரட்டிப் புரட்டி விரல் நுனி வெட்டுப்பட்டவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள்.

இதைத் தீர்த்தது பேனலோ சிஆரோ இல்லை. பேக்ஸும் (படங்களைச் சேமித்து எந்தக் கம்ப்யூட்டரிலும் பார்க்கவைக்கும் அமைப்பு) டைகாமும்தான் (எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான பட வடிவம்). முதலில் 1985-இல் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியும் மின்கருவித் தயாரிப்பாளர் சங்கமும் சேர்ந்து ஒரு பொது வடிவத்தைக் கொண்டுவந்தன. 1993-இல் அது டைகாம் என்ற பெயரில் நெட்வொர்க்கில் ஓடும் நிலைக்கு வந்தது. அதற்கு முன் ஒரு கம்பெனி மெஷினின் படத்தை அடுத்த கம்பெனி கம்ப்யூட்டர் திறக்காது. டோஸ் குறைந்ததா என்று கேட்டால் இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எடுக்காமல் தவிர்த்த படத்துக்கு டோஸ் பூஜ்யம்.

பிப்ரவரி 13

சேமிப்பு அறை என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆரம்பகால ஃபிலிம் நைட்ரேட் அடித்தளத்தில் செய்தது. எளிதில் தீப்பிடிக்கும், எரிந்தால் நச்சுப் புகை. 1929 மே 15 அன்று கிளீவ்லாண்ட் கிளினிக்கின் அடித்தளத்தில் சேமித்திருந்த எக்ஸ்-ரே ஃபிலிம் எரிந்து 120-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது புகை. எளிதில் தீப்பற்றாத அசிட்டேட் ஃபிலிம் அப்போதே கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. மாற்றுத் தொழில்நுட்பம் கையில் இருந்தும் பழையதை வைத்துக்கொண்டிருந்ததற்கு இதைவிடக் கொடிய விலை இந்தத் துறையில் இல்லை.

பிப்ரவரி 20

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். டிஜிட்டலின் குறைகள்தான் அதிகம் பேசியிருக்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றி எழுதினால் தராசு சரியாகும்.

படுக்கையில் கிடப்பவருக்கு மொபைல் மெஷினில் மார்புப் படம். ஆட்டோ எக்ஸ்போஷர் கிடையாது. நேற்று எடுத்தவர் வேறு, இன்று எடுப்பவர் வேறு. ஃபிலிமில் நேற்று வெளுத்த படம், இன்று கறுத்த படம். நுரையீரலில் நீர் கூடியதா, கதிர் குறைந்ததா என்று டாக்டர் மண்டையை உடைத்துக்கொள்வார். இதயத்துக்குப் பின்னால் போகிற குழாய் நுனி தெரியவே தெரியாது; அதைக் காட்டக் கறுக்க எடுத்தால் நுரையீரல் போய்விடும். டிஜிட்டலில் ஒரே படத்தில் இரண்டும் தெரியும், நாளுக்கு நாள் ஒரே தோற்றத்தில். குழாய் தப்பான இடத்தில் இருப்பது சில விநாடியில் கட்டிலருகிலேயே தெரிந்து, அங்கேயே சரிசெய்ததைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். இதற்காக மட்டுமே ஃபிலிமை விட்டிருக்கலாம்.

காசநோய்க் கண்டறிதலும் அப்படித்தான். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் மார்புப் படத்தைக் கம்ப்யூட்டரே படித்துச் சந்தேகத்தைச் சொல்வதை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. ரேடியாலஜிஸ்ட் எட்டிப் பார்க்காத இடத்தில் அது எவ்வளவு பெரிய உதவி. படம் பிறக்கும்போதே எண்ணாகப் பிறந்ததால்தான் முடிகிறது.

மார்ச் 2

முதல் கேள்வியைக் கேட்டவர் திரும்ப வந்து, "இதையெல்லாம் படித்தபின் எக்ஸ்-ரே எடுக்கவே பயமாக இருக்கிறது, நோயாளியாகப் போகிறவர் என்ன கேட்க வேண்டும்?" என்கிறார்.

பயம் வேண்டாம். நேர்நிலை மார்புப் படம் ஒன்றுக்கு சுமார் 0.02 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து நமக்கு ஆண்டுக்கு உலகச் சராசரியில் 2.4 வருகிறது. அந்த 0.02 இரு மடங்கானாலும் உங்கள் ஒருவருக்கு அது பெரிய விஷயம் இல்லை. நாளெல்லாம் வரிசையாக ஆட்களை எடுக்கிற துறைக்குத்தான் பெரிய விஷயம். இடுப்பு, முதுகெலும்பு, குழந்தைகள் படங்களில் இன்னும் பெரிது. இன்டெக்ஸ் பார்ப்பது, ரிப்பீட் எண்ணுவது எல்லாம் எங்கள் வேலை, உங்கள் தலையில் போட முடியாது.

நீங்கள் செய்யக்கூடியது: கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் டேபிளில் ஏறும் முன்பே சொல்லுங்கள். மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள், அசையாதீர்கள், சில ரிப்பீட் அதில் மிச்சமாகும். படத்தை டைகாம் வடிவில் கேட்டு வாங்குங்கள். திரையை மொபைலில் படம் பிடித்துக் கொடுத்தால் அதை வைத்து அடுத்த டாக்டர் எதுவும் சொல்ல முடியாது, திரும்ப எடுக்கத்தான் சொல்வார். போன முறை எடுத்த படம் இருந்தால் கையோடு கொண்டுபோய் முதலில் அதைக் காட்டுங்கள்.